ஒரே வழக்கில் ஒரு செமஸ்டர்: சட்ட மாணவர்களுக்குச் சர்வதேச மனித உரிமைச் சட்டம் கற்பிக்கும் முறை

நம் சட்டக் கல்லூரிகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் மேக்னா கார்ட்டாவில்தான் ஆரம்பிக்கும். அங்கிருந்து பிரெஞ்சுப் புரட்சி, ஐ.நா. சாசனம், 1948 பிரகடனம், இரண்டு உடன்படிக்கைகள் என்று ஊர்ந்து தேசிய மனித உரிமை ஆணையத்தைத் தொடும்போது செமஸ்டர் முடிந்திருக்கும். ஒன்பது முக்கிய உடன்படிக்கைகளின் பெயரையும் ஆண்டையும் மாணவர் ஒப்பித்துவிடுவார். "போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் அவருடைய அம்மா ஐ.நா.வில் யாரிடம் போகலாம், யாரிடம் போக முடியாது?" என்று கேட்டால் விழிப்பார்.

சிலபஸை மாற்றுவது நம் கையில் இல்லை. வரிசையை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. முதல் வகுப்பில் ஒரு வழக்கை எடுத்து, கடைசி வகுப்புவரை அதையே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு யூனிட்டையும் அதன் வழியாகவே நடத்துவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. வகுப்பையும் மூன்றாண்டு வகுப்பையும் மனதில் வைத்து எழுதுகிறேன். அரசியல் அறிவியல், சமூகப்பணித் துறைகளிலும் இது செல்லும்; வழக்கு வாதம் வரும் இடங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

முதல் படி: வழக்கைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கதை சட்டம் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். ஐ.நா. அமைப்பு ஒன்றுவரை வழக்கு போயிருக்க வேண்டும். அங்கே ஜெயித்தும் சொந்த நாட்டில் தோற்றிருக்க வேண்டும். இந்த மூன்றாவது தகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பாடப்புத்தகங்களுக்குப் பிடித்தது, மரண தண்டனை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரை ஒப்படைக்கலாமா என்று கேட்ட, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சோயரிங் வழக்கு (1989). அருமையான வழக்குதான். ஆனால் அதிலிருந்து தொடங்கினால், எல்லா இடத்திலும் இப்படி ஒரு நீதிமன்றம் உட்கார்ந்திருக்கிறது, அது உத்தரவிட்டால் அரசுகள் கேட்டுக்கொள்ளும் என்ற எண்ணம் மாணவர் மனதில் விழுந்துவிடும். பிறகு அதை எடுக்க முடியாது. ஐரோப்பாவுக்கு 1959 முதல் ஒரு நீதிமன்றம் உண்டு, அமெரிக்கக் கண்டங்களுக்கு 1979 முதல் உண்டு, ஆப்பிரிக்காவுக்கு அருஷாவில் ஒன்று உண்டு. ஆசியாவுக்கு இல்லை. நம் மாணவருக்கு இந்த இல்லாமையைத்தான் முதலில் தெரியவைக்க வேண்டும்.

என் தேர்வு 'சிங்கராசா எதிர் இலங்கை'. ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முறையீட்டு எண் 1033/2001, முடிவு வந்தது 2004 ஜூலை 21. சுருக்கம் இது: 1993 ஜூலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தமிழர் ஒருவரைப் பாதுகாப்புப் படையினர் பிடித்துச் செல்கிறார்கள். சித்திரவதை செய்தார்கள் என்பது அவர் தரப்பு. மாதக்கணக்கில் தடுப்புக்காவல். அந்த ஆண்டு டிசம்பரில், அவருக்குப் புரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலத்தில் அவருடைய கைநாட்டு வாங்கப்படுகிறது. மொழிபெயர்த்ததும் ஒரு போலீஸ்காரர்தான். அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம் அந்தக் காகிதம். 1995-ல் கொழும்பு உயர் நீதிமன்றம் 50 ஆண்டு சிறை என்றது. 1999-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆக்கியது. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

இதற்குப் பிறகு அவர் ஐ.நா. குழுவுக்குப் போய் வென்றார். விடுதலை செய்யுங்கள் அல்லது மறுவிசாரணை நடத்துங்கள், இழப்பீடும் கொடுங்கள் என்றது குழு. அந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2006 செப்டம்பர் 15-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: இப்படியொரு முறையீட்டு முறையை ஏற்றுக்கொள்ளக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரமே கிடையாது, குழுவின் முடிவுக்கு இந்த மண்ணில் சட்ட வலு இல்லை. உடன்படிக்கை, தனிநபர் முறையீட்டுக்கு வழிதரும் அதன் இணைப்பான விருப்ப நெறிமுறை, நியாயமான விசாரணை, சித்திரவதைத் தடை, உள்நாட்டுச் சட்டத்தோடு மோதல் எல்லாம் ஒரே மனிதரின் கதையில் வந்துவிடுகின்றன. இதைவிடப் பொருத்தமான பாட வழக்கை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் படி: முதல் வகுப்பில் சட்டமே வேண்டாம்

வழக்கின் சம்பவங்களை மட்டும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். முடிவைச் சொல்லாதீர்கள். எந்தச் சட்டப்பிரிவும் அதில் இருக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி: "இதில் என்னென்ன தப்பு நடந்திருக்கிறது?" வருகிற பதிலை எல்லாம் போர்டில் எழுதுங்கள். அடித்தார்கள், மொழி தெரியாமல் கைநாட்டு, மொழிபெயர்ப்பாளரும் போலீஸ்தான், ஒரே சாட்சியம், மேல்முறையீடு முடிய இத்தனை வருஷம். சட்டம் படிக்காத ஒருவரின் நியாய உணர்வே பட்டியலில் முக்கால்வாசியைக் கொண்டுவந்துவிடும்.

பிறகுதான் உடன்படிக்கையின் 2, 7, 9, 14 ஆகிய பிரிவுகளை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் ஐ.சி.சி.பி.ஆர். என்றே சொல்லும் 1966-ன் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையைச் சொல்கிறேன். போர்டில் உள்ள ஒவ்வொரு தப்புக்கும் நேரே பிரிவு எண்ணை மாணவர்களே எழுதட்டும். நோட்ஸுக்குப் பழகிய வகுப்பு முதலில் திணறும். "சார், கோச்சிங் மெட்டீரியல் இருக்கா?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். மூலப் பிரதியைத் தவிர எதையும் கொடுக்காதீர்கள். இந்திய அரசமைப்பின் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத மூலப் பிரதி) மேசைமேல் இருப்பதுபோல உடன்படிக்கைப் பிரதியும் ஆண்டு முழுக்க இருக்க வேண்டும்.

யாரும் கண்டுபிடிக்காத ஒரு தப்பு பெரும்பாலும் மிஞ்சும். இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, உதவி போலீஸ் சூப்பிரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர் முன் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். அது மிரட்டி வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். பூட்டிய அறைக்குள் அடி வாங்கியவர் அந்த அடியை எதை வைத்து நிரூபிப்பார்? குழு இந்த வழக்கில் அழுத்தமாகக் கைவைத்த இடம் இதுதான். வாக்குமூலம் தன்னிச்சையாகத் தரப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பே என்றது.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு நிம்மதி பரவும். நம் நாட்டில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாதே, பழைய சாட்சியச் சட்டம் 25, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவு என்று யாராவது சொல்வார்கள். அந்த நிம்மதியை நீடிக்க விடாதீர்கள். தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு எஸ்.பி. முன் தரும் வாக்குமூலத்தை ஏற்றது; கர்தார் சிங் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் தடா குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை என்று அவற்றிலிருந்து மட்டும் விடுவித்தது, ஆனாலும் தடாவின் கீழ் பதிவான வாக்குமூலங்களைப் பிற குற்றங்களுக்குச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. இந்த ஒரு தகவலில் வகுப்பின் தொனி மாறிவிடும். இலங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

மூன்றாம் படி: யார் எதில் சேர்ந்திருக்கிறார்கள்

ஆசிரியர் அட்டவணை போட்டுக் கொடுத்தால் மாணவர் மனப்பாடம் செய்வார். அவர்களையே தேட விடுங்கள். ஐ.நா. உடன்படிக்கைத் தொகுப்பு இணையதளமும், மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகத்தின் நாடுவாரிப் பட்டியலும் இலவசம். செல்போன் போதும்.

தேடினால் கிடைப்பது மாணவர்களைத் தூக்கிவாரிப் போடும். ஒன்பது முக்கிய உடன்படிக்கைகளிலும் இலங்கை சேர்ந்திருக்கிறது. இந்தியா ஆறில்தான் சேர்ந்திருக்கிறது: இனப்பாகுபாடு ஒழிப்பு (1968), 1979 ஏப்ரலில் ஒரே நாளில் ஐ.சி.சி.பி.ஆரும் பொருளாதார, சமூக உரிமைகள் உடன்படிக்கையும், குழந்தைகள் (1992), பெண்கள் (1993), மாற்றுத்திறனாளிகள் (2007). சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்து மட்டும் போட்டது, அதனால் கட்டுப்படுகிறேன் என்று சொல்லும் ஏற்புறுதி இன்றுவரை இல்லை. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையிலும் 2007-லிருந்து அதே நிலை. புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையில் கையெழுத்துகூட இல்லை. தனிநபர் முறையீடு எதையும் இந்தியா ஏற்கவில்லை.

இப்போது பயிற்சி. ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் ராமநாதபுரம். இருவருக்கும் காவல் நிலையத்தில் ஒரே மாதிரி அடி. இருவரும் உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் பார்த்துவிட்டார்கள். யார் எங்கே போகலாம்? மட்டக்களப்புக்காரர் மனித உரிமைக் குழுவுக்குப் போகலாம், சித்திரவதை எதிர்ப்புக் குழுவுக்கும் போகலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே விஷயத்தோடு ஒரே நேரத்தில் போக முடியாது. ராமநாதபுரத்துக்காரருக்கு இரண்டு கதவும் மூடியிருக்கிறது. உடனே வகுப்பில் அடுத்த கேள்வியும் எழும்: எல்லாவற்றிலும் சேர்ந்த நாட்டில் மக்கள் அதிகப் பாதுகாப்போடு இருக்கிறார்களா? பதில் சொல்ல வேண்டாம். நான்காம் படிவரை அது தொங்கட்டும்.

நாடுகள் போடும் ஒதுக்கீடுகளையும், அதாவது இந்தப் பிரிவு எனக்குப் பொருந்தாது என்று சேரும்போதே எழுதிவைப்பதையும், இங்கேயே முடித்துவிடலாம். தனி வகுப்பு எடுத்தால் மாணவர் தூங்கிவிடுவார். ஐ.சி.சி.பி.ஆரில் சேரும்போது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு தரும் 9(5) பிரிவு தனக்குப் பொருந்தாது என்று இந்தியா எழுதிவைத்தது. அப்படியொரு உரிமை நம் சட்டத்தில் இல்லை என்பது காரணம். பிறகு நீலபதி பெஹெரா வழக்கில் (1993) காவலில் இறந்த மகனுக்காகத் தாய்க்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுத்தது. டி.கே. பாசு வழக்கில் (1997) அந்த ஒதுக்கீடு பொருளிழந்துவிட்டது என்றே சொன்னது. ஐ.நா.வில் அரசு பூட்டிவைத்ததை டெல்லியில் நீதிமன்றம் திறந்துவிட்டது. இது நினைவில் நின்றால் 'ஒதுக்கீடு' பற்றிய ஷார்ட் நோட்ஸ் தானாக வந்துவிடும்.

நான்காம் படி: உள்ளூர் நீதிமன்றத்தில் இது செல்லுமா

மொத்தப் பாடத்திலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். நேரத்தையும் இங்கேதான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும்.

இந்திய அரசமைப்பின் 51(இ), 253 ஆகிய பிரிவுகளை வாசிக்கச் செய்யுங்கள்; முதலாவது உடன்படிக்கைக் கடமைகளை மதிக்கச் சொல்வது, இரண்டாவது அவற்றை நிறைவேற்றப் பாராளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரம் தருவது. அடுத்து ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் (1980). கடன் கட்ட முடியாதவரைச் சிவில் சிறையில் போடலாமா என்பது கேள்வி. ஐ.சி.சி.பி.ஆரின் 11-ஆம் பிரிவு கூடாது என்கிறது. நீதிபதி கிருஷ்ண ஐயர், உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு அதே தீர்ப்பில், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவை அந்த உடன்படிக்கையோடு ஒத்துப்போகும் விதத்தில் வாசித்து, வசதி இருந்தும் கட்ட மறுப்பவரைத்தான் சிறையில் போடலாம் என்கிறார். முன்வாசல் சாத்தியிருந்தது, பக்கவாசல் வழியாக உடன்படிக்கை உள்ளே வந்துவிட்டது.

விசாகா (1997) அதற்கும் ஒரு படி மேலே போனது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்குச் சட்டமே இல்லை. பெண்கள் உடன்படிக்கையை வைத்து நீதிமன்றமே விதிகளை எழுதியது. அந்த விதிகளுக்குப் பதிலாகப் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவர 2013 ஆனது.

இப்போது சிங்கராசா வழக்கின் 2006 தீர்ப்பைக் கையில் கொடுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் மனுதாரர், ஒரு பக்கம் சட்டமா அதிபர் (அரசின் தலைமை வழக்கறிஞர்). ஒரு நிபந்தனை: நன்றாகப் பேசுகிற, உணர்ச்சிவசப்படுகிற மாணவர்கள் அரசுத் தரப்பில்தான் வாதாட வேண்டும். எதிர்ப்பு வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். அரசுத் தரப்பு வாதம் லேசுப்பட்டதல்ல என்பது அவர்களுக்கே அப்போதுதான் புரியும். சட்டமியற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு. ஒரு நிறைவேற்று அதிகாரி வெளிநாட்டில் போடும் கையெழுத்தால் நீதித்துறையின் அதிகாரத்தை வெளியில் உள்ள குழுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? இந்தக் கேள்வியை மனித உரிமைக்கு விரோதமானது என்று தள்ளிவிட முடியாது. ஜனநாயகத்தின் உள்ளிருந்தே வரும் கேள்வி அது.

மனுதாரர் தரப்புக்கு நீங்கள் ஒரு வரி துப்புக் கொடுக்கலாம். குழுவின் முடிவை 'நேரடியாகச் செயல்படுத்துங்கள்' என்று கேட்காமல், ஜாலி ஜார்ஜ் வழக்கைப்போல, இருக்கிற உள்நாட்டுச் சட்டத்தை உடன்படிக்கையோடு ஒத்து வாசியுங்கள் என்று கேட்டிருந்தால்? இலங்கை அரசியலமைப்பிலேயே சித்திரவதைத் தடையும் நியாயமான விசாரணையும் இருக்கின்றன. நல்ல வகுப்பு என்றால் இந்தத் துப்பு தேவைப்படாது, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நேரக் கணக்கு ஒன்றையும் போடச் சொல்லுங்கள். கைது 1993-ல். தனிநபர் முறையீட்டுக்கான விருப்ப நெறிமுறையில் இலங்கை சேர்ந்தது 1997 அக்டோபரில், அமலுக்கு வந்தது 1998 ஜனவரியில். அப்படியானால் குழு இந்த வழக்கை எப்படிக் கையில் எடுத்தது? மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் 1999-லும் 2000-லும் வந்து பழைய குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தன, அதனால் எடுத்தது. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் இது தெரியும். வக்கீலாகப் போகிறவருக்கு இந்தப் பழக்கம் எந்தக் கோட்பாட்டையும்விட உதவும்.

ஐந்தாம் படி: இந்தியருக்குத் திறந்திருக்கும் கதவுகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். மனித உரிமைக் குழு வேறு, மனித உரிமைப் பேரவை வேறு. குழுவில் தனிப்பட்ட தகுதியில் அமரும் 18 நிபுணர்கள். அவர்கள் பார்ப்பது ஐ.சி.சி.பி.ஆர். மட்டும். பேரவையில் 47 நாடுகள். 2006-ல் தொடங்கிய அரசியல் மேடை அது. தேர்வுத்தாளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் விடைகளை எண்ணி மாளாது.

இந்தியா தனிநபர் முறையீட்டை ஏற்காவிட்டாலும் மூன்று வழி இருக்கிறது. பேரவை நியமிக்கும் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுதலாம்; அதற்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்லை, உள்நாட்டு நீதிமன்றம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அவர்கள் அரசுக்கு எழுதும் கடிதம் அறுபது நாள் கழித்துப் பொதுவில் வெளியாகும், அரசின் பதிலும்கூட. அடுத்தது உலகளாவிய காலமுறை மீளாய்வு: ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் முறைவைத்துப் பரிசீலிப்பது. இந்தியா 2008, 2012, 2017, 2022-ல் அதில் அமர்ந்தது. சித்திரவதை உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யுங்கள் என்று மற்ற நாடுகள் ஒவ்வொரு முறையும் சொன்னது பதிவில் இருக்கிறது. மூன்றாவது, உடன்படிக்கைக் குழுக்களுக்கு அரசு தரும் அறிக்கை. ஐ.சி.சி.பி.ஆரின் கீழ் இந்தியா 1997-ல் பரிசீலனைக்கு உட்பட்டது, அடுத்தது 2024 ஜூலையில். இடையில் 27 ஆண்டு. இன்று வகுப்பில் இருப்பவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

பயிற்சிக்குத் தூத்துக்குடியை எடுங்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாம் நாளான 2018 மே 22-ல் தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஐ.நா. சிறப்பு நிபுணர்கள் கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். மாணவர்கள் அதைத் தேடி எடுத்து, ஐ.சி.சி.பி.ஆரின் 6 (உயிர்), 21 (அமைதியாகக் கூடுதல்) பிரிவுகளோடும், துப்பாக்கிப் பயன்பாடு பற்றிய 1990-ன் ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகளோடும் வைத்துப் பார்க்கட்டும். பிறகு 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட, இந்தத் துப்பாக்கிச்சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையை எடுத்து, மாநில ஆணையம் எந்த அளவுகோலால் அளந்தது, ஐ.நா. எந்த அளவுகோலால் அளந்தது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அமைதியாகக் கூடும் உரிமை பற்றி மனித உரிமைக் குழு தந்த விளக்கமான பொதுக் கருத்துரை 37 வந்தது 2020-ல். 2018 சம்பவத்தை அதை வைத்து அளக்கலாமா என்று கேட்டுவிட்டு, பத்து நிமிடம் சும்மா இருங்கள். சண்டை தானே நடக்கும்.

பொருளாதார, சமூக உரிமைகளுக்குச் சிலபஸில் ஒரு யூனிட் இருக்கும். அதை வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல எளிதாக நடத்த ஒரு வழி சத்துணவு. தமிழ்நாட்டில் 1982-ல் அரசின் திட்டமாக விரிவடைந்தது. 2001 நவம்பரில், உணவு உரிமை வழக்கில், எல்லா மாநிலங்களும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திட்டம் எந்த இடத்தில் உரிமையாக மாறுகிறது, படிப்படியாக நிறைவேற்றுவது என்றால் எதுவரை தள்ளிப்போடலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

ஆறாம் படி: "போலீஸ் இல்லாத சட்டம் எதுக்கு சார்?"

இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வரும். வராவிட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள். பதிலைப் பூசிமெழுகக் கூடாது. சிங்கராசா வழக்கில் குழு சொன்னது கொழும்பில் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கதை அங்கே நிற்கவும் இல்லை. தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே, 2007-ல், இலங்கை ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் எண் 56-ஐ இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச் சலுகையைத் தொடர, 27 சர்வதேச உடன்படிக்கைகளைச் செயல்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஐ.சி.சி.பி.ஆர்., சித்திரவதை, குழந்தைகள் உடன்படிக்கைகள் சரியாகச் செயல்படுத்தப்படவில்லை என்று 2010 ஆகஸ்ட்டில் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. ஆயத்த ஆடை ஏற்றுமதிக்கு அது பெரிய அடி. 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. நீதிமன்றத்தில் எடுபடாத உடன்படிக்கை துறைமுகத்தில் எடுபட்டது. மாணவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். மீதிப்பேர், அப்படியானால் வேலை இழந்த தையல் தொழிலாளியின் உரிமை என்னாவது என்று கேட்பார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 2007 சட்டத்தில் உடன்படிக்கையின் உரிமைகளில் சிலவே இடம்பெற்றன. வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் அதன் 3-ஆம் பிரிவில், 2019-ல் ஒரு சிங்களச் சிறுகதைக்காக எழுத்தாளர் ஒருவர் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். மனித உரிமைச் சட்டத்தின் பெயராலேயே கருத்துரிமை பறிபோனது. இதைச் சொல்லாமல் விட்டால் மாணவர் பக்தராகிப் போவார். நமக்கு வேண்டியவர் வக்கீல்.

ஏழாம் படி: வகுப்பறைக்குள் இருப்பவர்கள்

முறையைவிடக் கவனம் தேவைப்படும் இடம் இது. உங்கள் வகுப்பில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த மாணவர் இருக்கலாம். காவலர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவியும் இருக்கலாம். இருவரும் பக்கத்து பெஞ்சில் இருக்கலாம்.

முகாமிலிருந்து வருபவரை "நீ சொல்லும்மா, உங்க ஊர்ல என்ன நடந்துச்சு" என்று எழுப்பாதீர்கள். அவர் பிறந்ததே கும்மிடிப்பூண்டியாகவோ மண்டபமாகவோ இருக்கும். இல்லாவிட்டாலும் அவருடைய குடும்பத்தின் துயரம் உங்கள் பாடத்துக்குச் சாட்சியம் அல்ல. அவராகப் பேசினால் கேளுங்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை என்பதைப் பாடமாக நடத்தும்போது, அது அவருடைய குடியுரிமைத் தாள்களைப் பற்றிய பேச்சு என்பதை மறக்காதீர்கள். போலீஸ் வீட்டுப் பெண்ணுக்கும் இதே மரியாதை உண்டு. 2020 சாத்தான்குளம் பற்றிப் பேச்சு வந்தால், தனிமனிதர்களைவிட்டு அமைப்பை நோக்கித் திருப்புங்கள்: கைது செய்தவுடன் யார் பார்த்திருக்க வேண்டும், மாஜிஸ்திரேட் என்ன கேட்டிருக்க வேண்டும், டாக்டர் என்ன எழுதியிருக்க வேண்டும். கைதின்போது போலீஸ் பின்பற்ற வேண்டியவை என்று டி.கே. பாசு வழக்கில் வகுத்த விதிகளை வரிசையாக எடுத்து எது எங்கே தவறியது என்று பார்க்கும்போது பேச்சு தானாகவே சட்டத்துக்கு வந்துவிடும்.

சாதியைத் தவிர்க்கவே கூடாது. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவில் வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடும் அடங்கும். சாதி அதற்குள் வரும் என்று அந்தக் குழு 2002-ல் தன் 29-ஆம் பொதுப் பரிந்துரையில் சொன்னது. சாதி இனம் ஆகாது, அதனால் வராது என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. 2001-ல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இதற்காக நடந்த இழுபறி பிரசித்தம். இரண்டு தரப்பு ஆவணங்களையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், கருத்தை எழுத்தில் மட்டும் கேளுங்கள். நேரடி விவாதமாக விட்டால் பேசுகிறவர்களே பேசுவார்கள், பாதிக்கப்பட்டவர் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எட்டாம் படி: மதிப்பீடு

இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு அசைன்மென்ட் என்று நாற்பது பக்கம் நகல் எடுக்க வைக்காதீர்கள். ஒரு முறையீடு வரையச் சொல்லுங்கள். கற்பனையான சம்பவம் ஒன்றை நீங்கள் கொடுங்கள். மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகத்தின் மாதிரிப் படிவத்தில் அவர்கள் நிரப்பட்டும். நாடு விருப்ப நெறிமுறையில் சேர்ந்திருக்கிறதா, சம்பவம் அதற்குப் பிறகா, உள்நாட்டு வழிகளை எல்லாம் முடித்தாயிற்றா, வேறு சர்வதேச அமைப்பில் ஏற்கெனவே நிலுவையில் இருக்கிறதா, முறையீட்டாளர் பெயர் இருக்கிறதா. பெயரில்லா முறையீட்டைக் குழு எடுக்காது. உள்நாட்டு வழி முடிந்து ஐந்து ஆண்டுக்கு மேல் தாமதித்தால் அதையே காரணமாகச் சொல்லித் தள்ளவும் வாய்ப்புண்டு. கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. தமிழில் அனுப்ப முடியாது. அதனால் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, முறையீட்டை ஆங்கிலத்தில் வரையும் பழக்கத்தை இங்கேயே ஏற்படுத்துங்கள். நாளைக்கு எந்த வழக்கறிஞர் அலுவலகத்திலும் அவர்கள் செய்யப்போகும் வேலை இதுதான்.

குழுவாகச் செய்ய விரும்பினால் காலமுறை மீளாய்வுக்கான சமர்ப்பிப்பு ஒன்று. தனி அமைப்பு அனுப்புவது 2,815 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.நா. விதி. இந்த வரம்பை அப்படியே வையுங்கள். ஒரு மாவட்டத்தின் துப்புரவுத் தொழிலாளர் பிரச்சினையை அதற்குள் சொல்லிமுடிக்கும்போது எதை விடுவது, எதை வைப்பது என்று குழு அடித்துக்கொள்ளும். அந்தச் சண்டையில் யார் என்ன சொன்னார் என்பதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

எழுத்துத் தேர்வில் வினாத்தாள் பல்கலைக்கழகத்திடமிருந்து வரும். அதில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மாதிரித் தேர்வு நம் கையில். "மனித உரிமைக் குழுவின் அமைப்பையும் பணிகளையும் விவரி" என்று கேட்பதற்குப் பதிலாக, பத்து வரிச் சம்பவம் ஒன்றைக் கொடுத்து, "இவர் உங்களிடம் வந்திருக்கிறார். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, ஏன்?" என்று கேளுங்கள். உடன்படிக்கைப் பிரதியைத் தேர்வறைக்குள் அனுமதியுங்கள். தமிழ்வழியில் எழுதுபவரிடம் கலைச்சொல்லுக்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். உடன்படிக்கை என்று எழுதினாலும் சமவாயம் என்று எழுதினாலும், ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும், பிரிவு எண் சரியாக இருந்து, தேதிக் கணக்கு ஒத்துப்போனால் போதும். விடைத்தாளைத் திருப்பித் தரும்போது மதிப்பெண்ணோடு ஒரு வரியும் எழுதுங்கள்: இந்த முறையீடு ஜெனீவாவில் ஏற்கப்படுமா, தள்ளுபடியாகுமா, தள்ளுபடி என்றால் எந்தப் பிரிவில்.